மார்ச் ஞாயிறு பாய்ந்த மணிக்கூடு

கேள்வி:

ஊர்காவற்றுறையில் தனியே இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். மகன் ரொறன்ரோவில், மகள் லண்டனில். போன வருஷ நடுப்பகுதியில் மகன் வந்து நின்றபோது ஒரு மேசை மணிக்கூடு கொண்டுவந்து தந்தான். "அம்மா, இதை நீங்கள் தொடவே தேவையில்லை, தானே நேரத்தைச் சரிப்படுத்தும்" என்று சொல்லி, எங்கள் நேரத்துக்கும் திகதிக்கும் மாற்றி வைத்துவிட்டுப் போனான். நன்றாகத்தான் ஓடியது.

இந்த வருஷம் மார்ச் இரண்டாவது ஞாயிறு, வழமைபோல எழும்பி வெளிக்கிட்டு விடியற்காலைப் பூசைக்குப் போனேன். கோவில் கேற் பூட்டிக் கிடந்தது. இருட்டுக்குள் ஒரு மணித்தியாலம் மதிலோடு நின்றேன். வீட்டுக்கு வந்து மணிக்கூட்டைத் திருத்தி வைத்தேன். போன வருஷமும் இப்படி ஒன்று நடந்தது. நவம்பரில், இறந்தவர்களுக்கான பூசை கழிந்த ஞாயிறு, நான் போகச் சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு நான்தான் பிந்தி எழும்பிவிட்டேன் என்று நினைத்தேன்; மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பிந்தி நிற்பதைப் பிறகு கண்டு திருத்தி வைத்தேன். இரண்டு முறையும் பிழை மணிக்கூட்டில்தான் என்று இப்போது விளங்குகிறது. ஆனால் ஏன்?

மகனிடம் கேட்டால், "அங்கே நேரம் மாத்துறவை அம்மா" என்கிறான். ஏன் மாற்றுகிறார்கள் என்று கேட்டால் அவனுக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பிள்ளைகள் எடுக்கும் நேரமும் மார்ச்சில் குழம்பிப் போகிறது. எங்களுக்கும் 96 இல் இப்படிச் செய்தார்கள்தானே? அப்போது என் தமையன் வன்னியில். 2002 இல் ஏ-9 பாதை திறந்து அவர் முதன்முதலாக வீட்டுக்கு வந்தபோது சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, "உங்கடை மணிக்கூடு அரை மணித்தியாலம் முந்தி ஓடுது" என்று சொன்னார். அவர் இப்போது இல்லை. எது சரியான நேரம் என்று அன்றைக்கு அவருக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுவீர்களா?

இன்னொன்று. மகன் முன்பு அனுப்பிய, சிவப்பு இலக்கம் எரிகிற அலாரம் வானொலி ஒன்றும் வீட்டில் இருக்கிறது. ட்ரான்ஸ்ஃபோமர் போட்டுத்தான் செருகியிருக்கிறோம். அது ஒரு நாளும் சரியான நேரம் காட்டியதில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை, ஊர்காவற்றுறை

பதில்:

உங்கள் மேசை மணிக்கூடு பழுதாகவில்லை, ரீச்சர். ஒன்ராறியோ மாகாணத்தின் சட்டத்தை அது எழுத்துப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறது. தான் ஊர்காவற்றுறையில் இருப்பது அதற்குத் தெரியாது.

தானே நேரம் சரிப்படுத்தும் மணிக்கூடுகள் என்று விற்கப்படுபவற்றில் பழையவை இரண்டு வகை. முதல் வகை வானொலி கேட்பது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஃபோர்ட் கொலின்ஸ் என்ற இடத்தில் டபிள்யூ.டபிள்யூ.வி.பி. என்றொரு நிலையம் இருக்கிறது. பாட்டோ பேச்சோ இல்லை; 60 கிலோஹேர்ட்ஸில் நேரத்தை மட்டும் இரவு பகலாக அனுப்பிக்கொண்டிருக்கும். செக்கனுக்கு ஒரு குறியாக, ஒரு நிமிடத்தில் மணி, நிமிடம், நாள், ஆண்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடும். கோடையில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளும் 'கோடைகால நேரம்' நடைமுறையில் இருக்கிறதா என்பதற்கும் அதற்குள்ளேயே ஒரு குறி உண்டு. வட அமெரிக்காவில் சுவரில் தொங்கும் மணிக்கூடு இரவில், அலை தெளிவாக வரும் வேளையில், இதைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். ஐரோப்பாவில் ஜேர்மனியின் மைன்ஃப்ளிங்கன் நிலையம் 77.5 கிலோஹேர்ட்ஸில் இதைச் செய்கிறது. பிரித்தானியாவில் ஆன்தோர்ன் நிலையம். யப்பானில் இரண்டு. ஜேர்மன் நிலையத்தின் அலை ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் எட்டும். அங்கிருந்து நாங்கள் இருப்பது ஏழாயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால். இலங்கையில் இப்படி ஒரு நிலையம் இல்லை. ஆகவே ஜேர்மனியிலிருந்தோ கனடாவிலிருந்தோ உறவினர் கொண்டுவரும் இந்த வகை மணிக்கூடு இங்கே வந்ததும் செவிடாகிவிடும். பற்றறி போட்டவுடன் முள்ளெல்லாம் சுழன்று பன்னிரண்டில் போய் நின்று அலைக்காகக் காத்துக்கிடக்கும். "புது மணிக்கூடு, வந்ததும் வராததுமாய் நின்றுபோச்சு" என்று என்னிடம் கொண்டுவந்து தந்தவர்கள் பலர். அது கேட்டுக்கொண்டிருக்கிறது, சொல்ல ஆளில்லை. கையால் நேரம் வைத்தால் சாதாரண குவாட்ஸ் மணிக்கூடாக ஓடும்.

உங்களுடையது இந்த வகையாக இருந்தால் மார்ச்சில் பாய்ந்திருக்காது. பாயச் சொல்லும் குறியை அது இங்கே கேட்டிருக்க முடியாதே. ஆகவே உங்களிடம் இருப்பது இரண்டாவது வகை. அதற்குள் வானொலி கிடையாது. தொழிற்சாலையிலேயே திகதியும் நேரமும் பதித்து, மறக்காமலிருக்க உள்ளே காசு போன்ற சின்னப் பற்றறி ஒன்றும் வைத்திருப்பார்கள். எந்த ஞாயிறு ஒரு மணித்தியாலம் கூட்டவேண்டும், எந்த ஞாயிறு குறைக்கவேண்டும் என்ற விதியும் அதற்குள் எழுதப்பட்டிருக்கும்.

நீங்கள் குறித்த நாட்கள் எனக்குப் பெரிய உதவி. மார்ச் இரண்டாம் ஞாயிறு முன்னே, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே என்பது அமெரிக்காவும் கனடாவின் பெரும்பகுதியும் 2007 இலிருந்து கைக்கொள்ளும் விதி. அதற்கு முதல் ஏப்ரல் முதல் ஞாயிறும் ஒக்ரோபர் கடைசி ஞாயிறும். சட்டம் மாறிய அந்த ஆண்டு, பழைய விதி பதித்து விற்கப்பட்டிருந்த மணிக்கூடுகள் அங்கேயே பிழை நாளில் பாய்ந்தன. கையால் திருத்துகிற மணிக்கூடு வைத்திருந்தவர்களுக்குக் கரைச்சல் இல்லை. தானே திருத்தும் மணிக்கூடு வைத்திருந்தவர்கள்தான் ஆண்டுக்கு நான்கு முறை திருத்தவேண்டி வந்தது. உங்களுடையது 2007 க்குப் பின்னான விதி எழுதப்பட்டது.

இனி திருத்தும் வழி. மணிக்கூட்டைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பற்றறி மூடிக்கு உட்புறத்தையும் பாருங்கள். கோடைகால நேரத்தைக் குறிக்கும் 'டி.எஸ்.ரி.' என்ற மூன்று எழுத்துக்கு அருகே 'ஓன்', 'ஓஃப்' என்று சின்னச் சுவிட்ச் இருக்கலாம். அதை 'ஓஃப்' க்குத் தள்ளிவிட்டு நேரத்தை ஒருமுறை சரிபார்த்தால் காரியம் முடிந்தது. சுவிட்ச் இல்லாவிட்டால், நேரம் வைக்கும் பொத்தானை நீளமாக அமத்திப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் போக அதே எழுத்துகள் முகப்பில் வரும். இரண்டும் இல்லையென்றால் வருஷத்தில் அந்த இரண்டு சனிக்கிழமைகளையும் கலண்டரில் வட்டமிட்டு வைத்து, மறுநாள் விடிய கையால் மாற்றவேண்டியதுதான். பற்றறிகளைக் கழற்றி "எல்லாத்தையும் மறக்கப் பண்ணுவம்" என்று மட்டும் முயலாதீர்கள். திகதியை மறந்த மணிக்கூடு விதியை மறக்காது. தொழிற்சாலை வைத்த ஏதோவொரு திகதியிலிருந்து எண்ணத் தொடங்கி, நீங்கள் நினையாத ஒரு நாளில் பாயும்.

நேரவலயச் சுவிட்சிலும் எங்களுக்கு உதவி கிடைக்காது. வட அமெரிக்க மணிக்கூடுகளில் இருப்பது அவர்களுடைய நாலைந்து வலயங்கள். ஐரோப்பிய மணிக்கூடுகள் சிலவற்றில் கூட்டவும் குறைக்கவும் விடுவார்கள், முழு மணித்தியாலமாக மட்டும். எங்களுக்கு ஐந்தரை வேண்டும். அந்த அரையைப் பெரும்பாலும் வைத்துச் செய்வதில்லை.

சிவப்பு இலக்க வானொலியின் நோய் வேறு. அது மின்சாரத்தின் துடிப்பை எண்ணி நேரம் பார்ப்பது. கனடாவில் மின்னோட்டம் செக்கனுக்கு 60 முறை துடிக்கும், இங்கே 50 முறை. அறுபது எண்ணினால் ஒரு செக்கன் என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ட்ரான்ஸ்ஃபோமர் 230 வோல்ட்டை 120 ஆக இறக்கும், துடிப்பைத் தொடாது. ஆகவே மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். ஒரு நாளில் நான்கு மணித்தியாலம். உங்களுடையதும் அந்த அளவுக்குப் பின்தங்குகிறதா என்று ஒரு நாள் கணக்கெடுத்துப் பாருங்கள். சிலவற்றில் அடிப்பக்கத்தில் 50/60 என்று மாற்றும் சுவிட்ச் இருக்கும். இல்லாவிட்டால் பாட்டுக் கேட்க மட்டும் வைத்திருங்கள்.

ஏன் மாற்றுகிறார்கள் என்ற கேள்விக்கு, ரொறன்ரோ வானத்தையும் உங்கள் முற்றத்து வானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அங்கே யூன் மாதத்து நீண்ட பகல் ஏறத்தாழ பதினைந்தரை மணித்தியாலம். டிசெம்பரில் ஒன்பதுக்கும் கொஞ்சம் குறைவு. இடையில் ஆறரை மணித்தியால வித்தியாசம். மணிக்கூட்டை மாற்றாமல் விட்டால் யூன் மாதத்தில் விடிய நாலரைக்கே சூரியன் ஏறிவிடும். சனம் இன்னும் இரண்டு மூன்று மணித்தியாலம் படுத்துக் கிடக்கும். அந்த வெளிச்சத்தில் ஒரு மணித்தியாலத்தை வெட்டிப் பின்னேரத்தோடு ஒட்டினால் என்ன என்பதுதான் யோசனை. நியூசிலாந்தில் பூச்சி சேகரித்துத் திரிந்த ஜோர்ஜ் ஹட்சன் 1895 இல் இதைச் சொன்னார். வேலை முடிந்தபின் பூச்சி தேட அவருக்கு வெளிச்சம் வேண்டியிருந்தது. லண்டனில் வீடு கட்டும் தொழில் செய்த வில்லியம் வில்லெற் 1907 இல் சொந்தச் செலவில் துண்டுநூல் அச்சிட்டு இதற்காக நடையாய் நடந்தார். 1915 இல் இறந்துபோனார், நிறைவேறியதைப் பார்க்கவில்லை. முதலில் செய்து பார்த்தது உங்கள் மகன் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்து ஊர் ஒன்றுதான்: போர்ட் ஆதர், இன்றைய தண்டர் பே, 1908 யூலையில். ஒரு நாடு முழுக்கச் செய்தது 1916 ஏப்ரல் 30 இல், யுத்தத்தில் நிலக்கரி மிச்சம் பிடிக்க நினைத்த ஜேர்மனி. மூன்று கிழமை கழித்து எதிரிநாடான பிரித்தானியாவும் அதையே செய்தது.

இப்போது ஊர்காவற்றுறை. எங்கள் நீண்ட பகல் 12 மணித்தியாலம் 40 நிமிடமளவு. குறுகியது பதினொன்றரைக்குச் சற்று மேல். வித்தியாசம் ஒரு மணித்தியாலத்தைக் கொஞ்சம்தான் தாண்டும். மே மாதக் கடைசியில் 5.50 க்கு முன்பின்னாக விடியும் சூரியன், ஜனவரிக் கடைசியில் 6.30 தாண்டி விடியும். வருஷம் முழுக்கச் சூரியோதயம் அசைவது முக்கால் மணித்தியாலம்கூட இல்லை. வெட்டி ஒட்ட எங்களிடம் மிச்ச வெளிச்சம் இல்லை. சோளகமும் வாடையும் வந்து போவதுபோல வெளிச்சமும் இங்கே ஒரு ஒழுங்கில் இருக்கிறது. பின்னேரத்துக்கு ஒரு மணித்தியாலம் கொடுத்தால் விடியற்காலையில் ஒரு மணித்தியாலம் இருட்டும், அவ்வளவுதான்.

அப்படியிருந்தும் எங்களுக்கு இரண்டு முறை மாற்றினார்கள். முதல் முறை இரண்டாம் உலக யுத்தத்தில். 1906 தொடக்கம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால் நின்ற இலங்கை நேரத்தை 1942 ஜனவரியில் அரை மணித்தியாலமும் செப்ரெம்பரில் இன்னொரு அரையும் முன்தள்ளினார்கள். 1945 ஒக்ரோபரில் பழையபடி வைத்தார்கள்.

இரண்டாவது முறைதான் நீங்களும் நானும் வாழ்ந்தது. 1996 இல் கடும் வறட்சி. அன்று இலங்கையின் மின்சாரத்தில் மிகப் பெரும் பங்கு நீரிலிருந்து வந்தது. நீர்த்தேக்கங்கள் வற்ற, தெற்கில் நாளுக்குப் பல மணித்தியாலம் மின்வெட்டு. மே 25 ஆம் திகதி மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். மாலை ஆறரைக்கு மறையும் சூரியன் ஏழரைக்கு மறைவதாக ஆகும். பத்து மணிக்குப் படுக்கும் குடும்பம் மூன்றரை மணித்தியாலம் எரிக்கும் விளக்கை இரண்டரை மணித்தியாலம் எரிக்கும் என்பது கணக்கு. ஒக்ரோபரில் சூரியன் ஏறத்தாழ ஏழு மணிக்கு விடிவதாக ஆனதும் அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்தார்கள், ஒக்ரோபர் 26 இல். மற்ற அரை நின்றுவிட்டது. ஏறத்தாழப் பத்து வருஷம் நின்றது.

இதில் ஒன்றை நான் எழுதியே ஆகவேண்டும். நாட்டின் மின்வலையில் சேமிக்கத்தான் அந்த மாற்றம். 1996 இல் யாழ்ப்பாணக் குடாநாடும் தீவகமும் அந்த மின்வலையோடு இணைந்திருக்கவே இல்லை. 1990 இல் அறுந்தது அறுந்தபடி கிடந்தது. அரிக்கன் லாம்பும் ஜாம் போத்தல் விளக்கும் கொளுத்திப் படித்த பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்திருப்பார்கள். அவர்கள் ஒரு மணித்தியாலம் முந்தி எழும்பியதால் மகாவலியில் ஒரு சொட்டுத் தண்ணீர் மிஞ்சவில்லை. எழும்பியது மட்டும் அவர்கள். பத்து வருஷமும் ஜனவரி மாதத்தில் சூரியன் ஏழு மணிக்குத்தான் தலைகாட்டியது, பள்ளிக்கூடம் ஏழரைக்கு. தீவுகளுக்கிடையே வள்ளத்திலும் மிதவைப் பாதையிலும் வந்து படித்த பிள்ளைகள் எத்தனை மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டிருப்பார்கள் என்று ஆசிரியையான உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஒரு நேரமாற்றத்தை எடைபோட நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: யாருடைய விளக்குக்காக, யாருடைய நித்திரையில் வெட்டுகிறார்கள்?

உங்கள் தமையன் சொன்னது சரி. அவருடைய மணிக்கூடும் சரி, உங்கள் மணிக்கூடும் சரி. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் 1996 மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே ஐந்தரை அப்படியே நின்றது. தீவகம் அரச கட்டுப்பாட்டில் இருந்ததால் கொழும்பு நேரம். 'பழைய நேரம்', 'புது நேரம்' என்று நாங்கள் பேசிய பேச்சு உங்களுக்கும் நினைவிருக்கும். 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தபின் நான் பொருள் எடுக்கக் கொழும்புக்கு அடிக்கடி போய்வந்தேன். முகமாலை தாண்டி வன்னிக்குள் நுழைந்ததும் கைமணிக்கூட்டில் அரை மணித்தியாலம் குறைப்பேன், ஓமந்தை தாண்டி வெளியே வந்ததும் கூட்டுவேன். ஒரே நாளில், ஒரே தெருவில், ஒரே சூரியனுக்குக் கீழே. பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லோரும் ஒருமிக்கக் கையைத் தூக்கி முள்ளைத் திருப்புவதைப் பார்த்திருக்கிறேன். மணிக்கூடு திருத்துகிறவனுக்கு அது மறக்கக்கூடிய காட்சி அல்ல. சிலர் திருப்பவே மாட்டார்கள். அவர்கள் எந்த நேரத்தை வைத்திருந்தார்கள் என்பதிலிருந்து எங்கே வீடு என்று கண்டுபிடித்துவிடலாம்.

வானொலிப் பெட்டியிலும் இரண்டு நேரம் ஓடியது. திருச்சி வானொலியைத் திருப்பினால் பழைய நேரம், கொழும்பைத் திருப்பினால் புது நேரம். பி.பி.சி. தமிழோசை கிரீன்விச் நேரம் 15.45 க்கு வரும். வன்னியில் அது இரவு 9.15, யாழ்ப்பாணத்தில் 9.45. ஒரே செய்தியை ஒரே நொடியில் நீங்களும் தமையனும் கேட்டிருப்பீர்கள், வேறு வேறு நேரத்தில். எது சரியான நேரம் என்றால், கட்டளை போட்டவர் யார் என்பதைப் பொறுத்து இரண்டும் சரி. சூரியனைக் கேட்டால் தமையன் பக்கம்தான் கூடக் கிட்ட வரும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2006 ஏப்ரல் 15 சனிக்கிழமை, நள்ளிரவு கடந்து அரை மணித்தியாலத்தில், இலங்கை மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. இருட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க், உலகம் முழு மணித்தியாலத்தில் நடக்க நாங்கள் அரையில் தொங்குவது வசதியல்ல என்று எதிர்த்தார். அவருடைய நியாயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் தீவுப் பிள்ளைகளின் விடியற்காலை எனக்கு அதைவிடப் பெரிது. அந்த வருஷம் பெரிய வெள்ளியும் சித்திரை வருடப்பிறப்பும் ஏப்ரல் 14 இல் ஒன்றாய் வந்தன. அன்றிரவு நேரம் மாறியது. பழைய நேரத்தில் நீங்கள் போன முதல் ஞாயிற்றுப் பூசை உயிர்த்த ஞாயிறு. வன்னிக்கும் எங்களுக்கும் ஒரே நேரம் ஆகியது. ஏ-9 வீதி அந்த ஓகஸ்ட் 11 இல் மூடப்பட்டது. முள்ளைத் திருப்பாமல் அந்த வீதியால் போய்வர எங்களுக்குக் கிடைத்தது நான்கு மாதம்.

தானே திருத்தும் கருவிகளால் வரும் வில்லங்கத்தை நாங்கள் முதலில் கண்டதும் அந்த ஏப்ரலில்தான். மணிக்கூடுகளைச் சனம் ஒரு இரவில் திருப்பிவிட்டது. கணினிகள் திரும்பவில்லை. விண்டோஸில் 'ஸ்ரீ ஜயவர்த்தனபுர' என்று எங்களுக்கென்று ஒரு வரி உண்டு. அதற்குள் ஆறு மணித்தியாலம் என்று எழுதியிருந்தது. கையால் திருத்திவிட்டால், அடுத்த முறை இணையத்தில் நேரம் கேட்டுவிட்டு மறுபடி அரை மணித்தியாலம் முன்னே தள்ளிவிடும். திருத்தம் வரும்வரை பலர் 'சென்னை, கொல்கத்தா, மும்பாய், புதுடில்லி' என்ற இந்திய வரியைத் தெரிவுசெய்து சமாளித்தார்கள். உங்கள் மேசை மணிக்கூட்டின் கதையும் அதேதான், ரீச்சர். கருவி எண்ணுவதில் பிழை விடுவதில்லை. எந்த ஊருக்கு எண்ணுகிறது என்பதில்தான் பிழை.

பிள்ளைகளின் அழைப்புக்கு வருவோம். மகனின் ஊர் மார்ச் இரண்டாம் ஞாயிறு மாறும். மகளின் ஊர் மார்ச் கடைசி ஞாயிறு. இடையில் இரண்டு மூன்று கிழமை, மகன் மாறிவிட்டிருப்பான், மகள் மாறியிருக்கமாட்டாள். இலையுதிர் காலத்தில் மகள் முந்துவாள், ஒக்ரோபர் கடைசி ஞாயிறு. மகன் ஒரு கிழமை பிந்தி. நீங்கள் குழம்பியதில் வியப்பில்லை. குளிர்காலத்தில் ரொறன்ரோ எங்களுக்குப் பத்தரை மணித்தியாலம் பின்னால், கோடையில் ஒன்பதரை. லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை, கோடையில் நாலரை. மகன் வேலைக்குப் போகமுன் விடிய எட்டுக்கு எடுப்பதென்றால் உங்களுக்குக் குளிர்காலத்தில் மாலை ஆறரை, கோடையில் ஐந்தரை. மகள் பகல் இரண்டுக்கு எடுத்தால் ஏழரை, பிறகு ஆறரை. கைபேசியின் மணிக்கூட்டுப் பகுதியில் இரண்டு ஊரையும் சேர்த்து வைத்தால் கணக்குப் பார்க்கவே தேவையில்லை. கைபேசி கோபுரத்திலிருந்தும் இணையத்திலிருந்தும் நேரம் எடுக்கிறது. எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரியும். அலாரத்துக்கும் அதையே நம்புங்கள். மேசை மணிக்கூடு மகன் தந்தது, அது இருக்கவேண்டிய இடத்தில் இருக்கட்டும்.

உள்ளே இருக்கும் குவாட்ஸ் கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது செக்கனுக்கு 32,768 முறை அதிரும். 25 பாகை வெப்பத்தில்தான் அதற்குச் சரியான நடை. எங்கள் வெக்கையில் நாளுக்கு ஒரு செக்கனின் மூன்றிலொன்று வரை பின்தங்கலாம், மாதத்துக்குப் பத்துச் செக்கன். அது பெரிதல்ல. உப்புக்காற்றுத்தான் உங்கள் பக்கத்து மணிக்கூடுகளைக் கொல்வது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பற்றறியை எடுத்து, தகட்டில் பச்சை பிடித்திருந்தால் துடைத்து விடுங்கள்.

கடைசியாக, தமையனுக்கு நீங்கள் சொல்ல நினைத்த பதில். எங்கள் ஐந்தரை நேரம் 82.5 பாகை நெடுங்கோட்டுக்கு உரியது. ஊர்காவற்றுறை அதற்கு மேற்கே ஏறத்தாழ 79.9 பாகையில் இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம். ஆகவே சூரியன் உங்கள் வீட்டுக்கு உச்சிக்கு வருவது சராசரியாக 12 மணி 10 நிமிடத்துக்கு. பூமி சூரியனைச் சுற்றும் சீரில்லாத நடையாலும் அதன் அச்சின் சாய்வாலும் நவம்பர் தொடக்கத்தில் அது 11.54 ஆகும், பெப்ரவரி நடுவில் 12.25 ஆகும். புது நேரம் நடந்த பத்து வருஷமும் சராசரி உச்சி 12.40. தமையனின் மணிக்கூட்டில் 12.10 தான்.

இதை நீங்களே பார்க்க ஒரு நல்ல நாள் இருக்கிறது. ஏப்ரல் 15. நேரம் திரும்பி வந்த அதே திகதி. அன்று சூரியன் ஊர்காவற்றுறைக்கு ஏறக்குறைய நேர் மேலே வரும். முற்றத்தில் ஒரு தடியை நூல்குண்டு பிடித்து நேராக நட்டுவிட்டு, கைபேசியைப் பார்த்துக்கொண்டு 12.10 வரை நில்லுங்கள். நிழல் சுருங்கிச் சுருங்கித் தடியின் காலடிக்குள் போய்விடும். அந்த நேரத்தில் உள்ளே போய் மேசை மணிக்கூட்டைப் பாருங்கள். 1.10 காட்டினால், பின்பக்கத்துச் சுவிட்ச் இன்னும் 'ஓன்' இல் இருக்கிறது.